பல்லைக் கடித்தால் காது ஏன் இரைகிறது? தாடை, காது, இடுப்புத் தளம்: ஒரு விளக்கம்



எஸ்.பி.எம். நெருங்கும் மாதங்களில் ஆசிரியர் அறையில் மூன்று புகார்கள் காதில் விழும். ஒருவருக்குக் காலையில் எழுந்ததும் தாடை வலி. இன்னொருவருக்குக் காதுக்குள் 'ஙொய்'ன்னு ஓயாத சத்தம். மூன்றாவது புகாரை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டாங்க: அடிவயிற்றில் ஓர் இறுக்கம், கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும் முழுசா போகாத மாதிரி உணர்வு. சில வேளை மூன்றும் ஒரே ஆளுக்கு வரும். உடனே கைப்பேசியில் தேடுவோம். 'எல்லாம் ஒரே சங்கிலி, இடுப்பைச் சரிபண்ணா காது சரியாயிடும்' என்று யாராவது அடித்துச் சொல்லியிருப்பாங்க.

இதில் எவ்வளவு உண்மை? பதிலை முதலிலேயே சொல்லிடுறேன். தாடைக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. உடற்கூறே அதைக் காட்டுகிறது. தாடைக்கும் இடுப்புத் தளத்துக்கும் உள்ள தொடர்பு வேறு வகை, கொஞ்சம் தளர்வானது. காதையும் இடுப்பையும் நேரடியாக முடிச்சுப்போட உறுதியான ஆதாரம் இல்லை. மூன்றையும் முக்கோணமாக வரைவதைவிட, தாடையை நடுவில் வைத்து ஒரு கோடாக வரைவதே சரி.

முதலில் தாடையும் காதும். சுட்டுவிரலைக் காதுக்குச் சற்று முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில் வையுங்க. வாயைத் திறந்து மூடுங்க. விரலுக்குக் கீழே ஏதோ உருண்டு நகரும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடையின் முனையும் பொட்டெலும்பும் சேரும் இடம். நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. காதுத்துளை இதற்கு நேர் பின்னால் இருக்கிறது. மூட்டு வலியைக் காது வலின்னு நினைத்துப் பலர் கிளினிக்குக்குப் போவதற்கும், 'காது நல்லாத்தான் இருக்கு' என்ற பதிலோடு திரும்பி வருவதற்கும் இதுவே காரணம்.

பக்கத்து வீடு என்பதோடு முடிந்துவிடவில்லை, இரண்டும் சொந்தம்கூட. நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சின்ன எலும்புகள் இருப்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாலூட்டிகளின் சுத்தியும் பட்டடையும் ஊர்வனவற்றின் தாடை மூட்டு எலும்புகளுக்கு இணையானவை என்று 1837-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ரைகெர்ட் கருவளர்ச்சியை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கிடைத்த புதைபடிவங்களும் அதையே காட்டின. அதாவது, ஒரு காலத்தில் மெல்லுவதற்கு இருந்த எலும்புகள் இன்று கேட்பதற்கு உதவுகின்றன! மெல்லும் தசைகளையும், செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் ஒரு குட்டித் தசையையும் இன்றும் ஒரே நரம்புதான் இயக்குகிறது: ஐந்தாம் மண்டை நரம்பின் கீழ்த்தாடைக் கிளை.

தாடைக் கோளாறு உள்ளவர்களுக்குக் காதில் அடைப்பு, இரைச்சல், தலைசுற்றல் வருவதை 1934-இல் அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் ஒரு தொகுதியாக விவரித்தார். பல் இழந்ததால் தாடை பின்னுக்குப் போய் அழுத்துகிறது என்பது அவர் கொடுத்த காரணம். அந்தக் காரணம் பிறகு நிற்கவில்லை. அவர் கவனித்த தொடர்பு நின்றது. இப்போதைய விளக்கம் மூளைத்தண்டில் இருக்கிறது. செவி நரம்பு மூளைத்தண்டில் வந்து சேரும் முதல் நிலையத்துக்கே தாடையிலிருந்தும் கழுத்திலிருந்தும் தொடு உணர்வுச் செய்திகள் வருகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷோர் குழுவினர் விலங்குகளில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது, அந்த இடத்தில் தாடை, கழுத்துச் செய்திகளின் பங்கு கூடுகிறது. வெளியே சத்தமே இல்லாவிட்டாலும் அங்குள்ள நரம்பணுக்கள் மிகையாகத் துடித்தால், மூளை அதை ஒலியாகவே எடுத்துக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அமைதியான அறையில் உட்கார்ந்து இரைச்சலைக் கவனியுங்க. ஐந்து வினாடி பல்லைக் கடியுங்க. பிறகு தாடையை முன்னுக்குத் தள்ளுங்க. தலையைப் பக்கவாட்டில் திருப்புங்க. சத்தம் கூடுதா, குறையுதா, சுருதி மாறுதா? காதிரைச்சல் உள்ளவர்களில் நிறைய பேருக்கு மாறும். மாறினால் தாடைக்கோ கழுத்துக்கோ இரைச்சலில் பங்கு உண்டு என்று அர்த்தம். முழுக் காரணமும் அதுதான் என்று முடிவு கட்டக்கூடாது. மாணவர்களே, உங்களில் பலருக்கு முதல் சந்தேகம் காதொலிப்பான் மேல்தான் இருக்கணும். இரவெல்லாம் உச்ச ஒலியில் பாட்டுக் கேட்டுவிட்டுத் தாடையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இனி இடுப்புத் தளம். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஊஞ்சல் துணி மாதிரி விரிந்து கிடக்கும் தசைகள் இவை. ஆண், பெண் இருவருக்கும் உண்டு. சிறுநீர்ப்பையையும் குடலையும் தாங்கும். அடக்கவும் விடவும் உதவும். பயம் வந்தால் இவையும் தோளைப் போலவே இறுகும். பெண்களுக்கு அச்சமூட்டும் திரைப்படக் காட்சிகளைக் காட்டி அளந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், தோள் தசையும் இடுப்புத் தளத் தசையும் சேர்ந்தே இறுகின. நாலு பாடவேளை தொடர்ந்து நின்று, சிறுநீரை அடக்கி, ஓய்வு நேரத்தில் ஓடுகிற ஆசிரியருக்கு இது புதுச் செய்தி இல்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து வீடு போகும்வரை அடக்கும் மாணவிகளுக்கும்தான்.

தாடைக் கோளாறு உள்ளவர்களிடம் குடல் எரிச்சல் நோய், சிறுநீர்ப்பை வலி, நாட்பட்ட இடுப்பு வலி போன்றவை சேர்ந்து காணப்படுவது அதிகம். மருத்துவர்கள் இவற்றை ஒன்றன்மேல் ஒன்று படியும் நாட்பட்ட வலிகள் என்று ஒரே குடும்பமாகப் பார்க்கிறார்கள். வலியைக் கையாளும் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவது முக்கியக் காரணம் என்பது பரவலான கருத்து. கூடவே மன அழுத்தம், தூக்கக் குறைவு. ஒரு தசை இன்னொரு தசையைக் கயிறு மாதிரி இழுக்கிறது என்ற விளக்கம் கேட்க நல்லாருக்கு. ஆனால், அதை நம்பிப் பணம் கட்டவேண்டாம் என்பது என் கருத்து.

என்ன செய்யலாம்? தாடையில் தொடங்குங்க. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் தொடாமல் இருக்கட்டும், நாக்கு மேல்வாயில் லேசாகப் படியட்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்பல்லும் சந்திக்கவேண்டிய அவசியமே இல்லை. 'பல்லைக் கடிச்சிக்கிட்டு பொறுத்துக்கோ' என்று நாம் சொல்லும் மரபுத்தொடரை உடம்பு அப்படியே கடைப்பிடிக்கிறது. கட்டுரை எழுதும் மாணவரின் தாடையைப் பாருங்க, தெரியும். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் பற்களைப் பிரித்து, மெதுவாக மூச்சை இழுத்து, வயிறு விரியும்படி விடுங்க. மூச்சை இழுக்கையில் உதரவிதானம் இறங்கும். இடுப்புத் தளமும் கூடவே தாழ்ந்து தளரும். ஒரே மூச்சில் இரண்டு வேலை. தாடை வலியும் இரைச்சலும் சேர்ந்து உள்ளவர்களுக்குத் தாடைக்கான பிசியோதெரப்பி இரைச்சலின் தொல்லையைக் குறைத்ததாக பெல்ஜியத்தில் 2020-இல் வெளியான சோதனை ஒன்று காட்டியது. முழுசா நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. இடுப்புத் தளத்துக்குப் பயிற்சி என்றதும் இறுக்கி இறுக்கி விடும் கீகல் பயிற்சியைத்தான் எல்லாரும் சொல்வாங்க. அது தளர்ந்துபோன தசைக்கு. ஏற்கெனவே இறுகியிருப்பவருக்கு அது வலியைக் கூட்டலாம். பிசியோதெரப்பிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்க.

சிலவற்றை மூச்சுப்பயிற்சிக்கு விடக்கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் போகணும். நாள் கடந்தால் சிகிச்சையின் பலன் குறையும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், முகத் தசை தளர்வு, கடும் தலைசுற்றல், இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காத வாய், சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு அடிவயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீங்க. மாணவர்கள் வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ சொன்னாலே போதும், கூட்டிக்கொண்டு போக ஆள் கிடைப்பாங்க.