கயிலைக்குப் போகிறவர் கையில் என்ன காமிரா?

“கயிலையே மயிலை, மயிலையே கயிலை” என்று எங்கள் மயிலாப்பூரில் சொல்வதுண்டு. ஆனாலும் அந்த வெள்ளிமலையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? 1981 முதல் மத்திய அரசு நடத்திய கைலாஷ் மானசரோவர் யாத்திரை 2020-ல் நின்றுபோய், 2025-ல் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு குலுக்கலில் 750 பேருக்கு இடம் கிடைத்தது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இதில் அனுமதி இல்லை. வீட்டிலிருக்கும் பாட்டிக்கு, போகிறவர் எடுத்து வரும் படம்தான் தரிசனம்!

அடையாறிலிருக்கும் என் அக்கா விண்ணப்பம் போடப் போகிறாள். “தி. நகரில் எந்தக் காமிரா வாங்கலாம்டி?” என்று கேட்டாள். “மெகாபிக்ஸலை அப்புறம் பார்க்கலாம். பாட்டரி எத்தனை நாள் வரும் என்று முதலில் கேள்” என்றேன்.

காரணம் இருக்கிறது. மானசரோவர் ஏரியே சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது. கயிலையை வலம் வரும் 52 கிலோமீட்டர் பாதையில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். நடக்கிற அந்த மூன்று நாளும் சார்ஜ் போட ப்ளக் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. போதாததற்குக் குளிர் வேறு! லித்தியம் பாட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை குளிரில் மந்தமாகிவிடும். பாதி சார்ஜ் இருக்கும்போதே காமிரா அணைந்துபோகும். அதே பாட்டரியை உடம்புச் சூட்டில் சற்று வைத்திருந்தால் மறுபடி உயிர் வரும்.

கண்ணாடி வழியே பார்த்து எடுக்கும் டிஎஸ்எல்ஆர் காமிராவுக்குப் பாட்டரிச் செலவு குறைவு. கேனன் 1500டி-யில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படம் என்பது கம்பெனிக் கணக்கு. மிரர்லெஸ் காமிராவில் திரை எரிந்துகொண்டே இருப்பதால், பல மாடல்களில் 300, 400-தான். ஆனால் எடை குறைவு. மூச்சு வாங்கும் ஏற்றத்தில் அதுவும் பெரிய விஷயம். தவிர, புதிய மிரர்லெஸ் பலவற்றை நேராகப் பவர் பாங்கிலேயே சார்ஜ் செய்யலாம். அந்த வசதி இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

கணக்குச் சுலபம். தினம் 100 படம் என்றால் மூன்று நாளுக்கு 300. குளிருக்காகக் கம்பெனிக் கணக்கில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 500 என்றால் 250. ஆக இரண்டு பாட்டரி, அவசரத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று.

கவனிக்க வேண்டியவை:

* உபரி பாட்டரிகளை உள்சட்டைப் பையிலும், இரவில் படுக்கைக்குள்ளும் வையுங்கள்.

* விமானத்தில் உபரி பாட்டரியும் பவர் பாங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பாங்க் சுமார் 74 வாட்-மணிதான்.

* செல்போனில் படம் எடுப்பவர்கள் ஃப்ளைட் மோடில் போடுங்கள். சிக்னலைத் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடும்.

* அலமாரியில் பென்டாக்ஸ் கே1000 போன்ற பழைய ஃபிலிம் காமிரா இருக்கிறதா? அதன் ஷட்டருக்குப் பாட்டரியே வேண்டாம். வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். ஆனால் ரோலுக்கு 36 படம்தான்; பழகியவர் கையில்தான் பேசும்.

வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்கு எடுத்துப் போய், ஒரே பாட்டரியில் எத்தனை படம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மலையில் அதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டு புறப்பட்டால், மேகம் விலகி மலை முகம் காட்டும் நேரத்தில் காமிரா கைவிடாது.