உங்களுக்குத் தெரியுமா? மார்பகத்துக்கு மருந்து, கருப்பையில் மாற்றம்

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை, கருத்தடை மருந்து தேடியவர்களின் கையில் பிறந்தது! 1962-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவன ஆய்வகத்தில் அதை உருவாக்கியவர் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர். எலிகளுக்குக் கரு தங்காமல் தடுத்த மருந்து, பெண்களுக்கோ சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது.

மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் வந்து அமரும் இடத்தை இந்த மாத்திரை பிடித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் கட்டி அடங்குகிறது. கருப்பையின் உட்சுவரிலோ இதுவே ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். அதனால் உட்சுவர் தடிக்கலாம். பாலிப் என்னும் சதை வளர்ச்சி வரலாம். சிலருக்குப் புற்றும் வரலாம். 1988-இல் ஒரே எலியின் உடலில் மனித மார்பகக் கட்டி, கருப்பைக் கட்டி இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். மார்பகக் கட்டி அடங்கியது. கருப்பைக் கட்டி வளர்ந்தது!

பயப்பட வேண்டிய அளவா? அமெரிக்காவில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களிடம் ஆய்வு நடந்தது. கருப்பை உட்சுவர்ப் புற்று, மருந்து எடுக்காதவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 1 என்ற கணக்கில் வந்தது. எடுத்தவர்களில் 2-ஐச் சற்றுத் தாண்டியது. கூடுதல் ஆபத்து பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்குத்தான். மார்பகப் புற்று வந்தவர்களுக்கு இந்த மருந்தால் கிடைக்கும் பலன் இதைவிடப் பல மடங்கு பெரிது.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தமோ பழுப்புக் கறையோ பட்டால்கூட உடனே மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். "இந்த வயசுல இதைப் போய் யார்கிட்ட சொல்றது?" என்று எத்தனை அம்மாக்கள் மறைத்துவிடுகிறார்கள்! தயவுசெய்து சொல்லுங்கள், அம்மா. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடுகிறார்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தொந்தரவே இல்லாதவர்கள் அடிக்கடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. உட்சுவருக்கு அடியிலுள்ள திசு இந்த மருந்தால் உப்பி, ஸ்கேனில் வெறுமனே தடிப்பாகத் தெரியும். அதை நம்பி வீணாகச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க நேரிடும்.

மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் மாத்திரைகள் வேறு வகை. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைப்பதால் உட்சுவர் தடிக்காது. எலும்புத் தேய்வும் மூட்டு வலியும்தான் இந்த மாத்திரைகளின் தொல்லை.

டமாக்சிஃபென் எடுக்கும் இளம்பெண்ணுக்கு மாதவிடாய் வராமல் போனாலும் கரு தங்கலாம். மருந்து சிசுவைப் பாதிக்கும். ஹார்மோன் கருத்தடை மாத்திரை இவர்களுக்கு ஆகாது. காப்பர்-டி, ஆணுறை போன்றவையே சரி.