ஹலால் கோழியிறைச்சி: பண்ணை முதல் சந்தை வரை கவனிக்க வேண்டியவை

சந்தையில் இறைச்சி வாங்குபவர் அதனைக் கண்ணாற் பார்த்தும், முகர்ந்தும், நிறுத்தும் அதன் தரத்தை ஓரளவு அறிந்து கொள்ளலாம். ஆனால், அக்கோழி உயிருடன் இருந்தபொழுது அறுக்கப்பட்டதா, எவர் அறுத்தார், அறுத்தபின் எதனுடன் சேர்த்து வைக்கப்பட்டது என்பனவற்றை அறிய அவருக்கு வழியில்லை. விற்பவரின் சொல்லையே அவர் நம்புகின்றார். ஹலால் உணவின் வியாபாரம் முழுவதும் இந்நம்பிக்கையின் மீதே நிற்கின்றது. இதனைக் காப்பது கத்தி பிடிப்பவரின் கடமை மட்டுமன்று. கோழி வளர்ப்பவரின் கூட்டிலேயே அக்கடமை தொடங்குகின்றது.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 9.7 பேர் இஸ்லாம் மதத்தைச் சார்ந்தவர்கள். உணவுச் சாலைகளும் விடுதிகளும் பல மதத்தினருக்கும் ஒரே அடுக்களையிற் சமைப்பதால், ஹலால் இறைச்சியைக் கேட்டு வாங்குவோர் முஸ்லிம் குடும்பத்தினர் மட்டுமல்லர். ஆகவே, இறைச்சிக் கோழி வளர்க்கும் எவரும், தாம் எம்மதத்தினராயினும், இம்முறையை அறிந்திருத்தல் நன்று.

ஹலால் என்பது யாது?

‘ஹலால்’ என்னும் அரபுச் சொல் ஆகுமானது, அனுமதிக்கப்பட்டது எனப் பொருள்படும். அதற்கு மாறானது ‘ஹராம்’, அஃதாவது விலக்கப்பட்டது. பன்றி, இரத்தம், மது, கூரிய பற்களாலும் நகங்களாலும் பிற பிராணிகளை வேட்டையாடும் விலங்குகளும் பறவைகளும் விலக்கப்பட்டவை. கோழி, ஆடு, மாடு முதலியன ஆகுமானவை. ஆயினும் அவை முறைப்படி அறுக்கப்படல் வேண்டும். நோயினாற் செத்ததும், நெரிபட்டுச் செத்ததும், அடிபட்டோ விழுந்தோ செத்ததும் ஹராமாகும். திருக்குர்ஆன் ‘ஹலால்’ என்பதோடு ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கூறுகின்றது. அது நல்லது, தூயது எனப் பொருள்படும். எனவே சுத்தமும் சுகாதாரமும் இம்முறைக்குப் புறம்பானவையல்ல.

பண்ணையில்

கோழிக்கு இடும் தீன் முதலிற் கவனிக்கப்பட வேண்டியது. இரத்தத் தூள், பன்றியின் எச்சங்கள் கலந்த இறைச்சித் தூள் ஆகியவற்றைக் கொண்ட தீனை விலக்குதல் வேண்டும். இறக்குமதி செய்யும் நாடுகள் சில, விலங்குப் புரதமே சேராத தீனை எதிர்பார்க்கின்றன. தீன் மூடையிலுள்ள சுட்டுத்துண்டை வாசித்து, அதிற் சேர்ந்த பொருட்களை அறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும். அச்சுட்டுத்துண்டுகளைக் கழற்றி ஒரு கோவையிற் சேர்த்து வைத்தால், பின்னர் எவரேனும் கேட்குமிடத்துக் காட்டலாம்.

அசுத்தத்தைத் தின்று திரியும் கோழியை உடனே அறுத்து உண்பதை இஸ்லாமிய மார்க்க அறிஞர் விரும்புவதில்லை. அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைத்துத் தூய தீன் கொடுத்த பின்னர் அறுக்கும் வழக்கம் உண்டு. குப்பை மேட்டிலும் கழிவு வாய்க்காலிலும் மேயும் நாட்டுக் கோழிகளை விற்போர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

நோய்க்கு மருந்து கொடுத்த கோழிகளை, அம்மருந்து உடலை விட்டு நீங்குவதற்கு விதிக்கப்பட்ட நாட்கள் கழியுமுன் விற்றலாகாது. இந்நாட்களின் தொகை மருந்துப் போத்தலிற் குறிக்கப்பட்டிருக்கும். மருந்தின் பெயர், கொடுத்த திகதி, நிறுத்திய திகதி ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வருதல் வேண்டும்.

பிடித்தலும் ஏற்றிச் செல்லுதலும்

அறுப்பதற்கு 8 முதல் 12 மணித்தியாலம் முன்னரே தீனை நிறுத்தி விடல் வேண்டும். ஆனால் பிடிக்கும் வேளை வரையும் தண்ணீர் கொடுக்கலாம். குடல் வெறுமையாயிருப்பின், வயிற்றைத் திறக்கும்பொழுது எச்சம் இறைச்சியிற் படிவது குறையும். இதனினும் நீண்ட நேரம் பட்டினி போட்டால் நிறையும் குறையும், குடலும் மெலிந்து எளிதிற் கிழியும்.

கோழிகளை இரவில், மங்கிய வெளிச்சத்தில், ஓசையின்றிப் பிடித்தல் நன்று. ஒரு கையிற் பல கோழிகளைத் தலைகீழாகத் தூக்கி எறிந்து அடைப்பதாற் சிறகும் காலும் முறிகின்றன. கூடைகளை நெருக்கி அடுக்காது, அவற்றினிடையே காற்றோடுவதற்கு இடம் விடல் வேண்டும். உச்சி வெயிலிற் பயணஞ் செய்வதைத் தவிர்த்து, விடியற்காலையில் மடுவத்தை அடைவதே நலம். கோழிக்கு வியர்வை இல்லை. அது வாயைத் திறந்து மூச்சு வாங்கியே உடற்சூட்டைத் தணிக்கின்றது. நெருக்கமும் வெப்பமும் ஒருங்கு சேர்ந்தால் அது வழியிலேயே செத்துவிடும்.

செத்த கோழியின் கணக்கு

ஒரு கமக்காரர் 500 கோழிகளை ஏற்றுகின்றார் எனக் கொள்வோம். ஒவ்வொன்றின் நிறையும் 2 கிலோ. வழியில் 15 கோழிகள் செத்துவிடுகின்றன. அவருக்கு 30 கிலோ நட்டம். கடனுக்குக் குஞ்சும் தீனும் வாங்கியவருக்கு இது சிறு தொகையன்று. ‘இவை இப்பொழுதுதானே செத்தன, சூடும் ஆறவில்லை. இவற்றையும் அறுத்து ஏனையவற்றுடன் சேர்த்தால் எவர் அறிவார்?’ என்னும் எண்ணம் இவ்விடத்தில் தோன்றுவது இயல்பு.

இவ்வெண்ணத்திற்கு இடங்கொடுத்தலாகாது. செத்தபின் அறுத்த கோழியில் இரத்தம் நன்கு வடிவதில்லை. தோல் சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ காணப்படும். கழுத்து நரம்புகளில் இரத்தம் தேங்கி நிற்கும். பழகிய வியாபாரியின் கண்ணுக்கு இது தப்பாது. அன்றியும், நோயினாற் செத்த கோழி உண்பவருக்குக் கேடு விளைக்கக் கூடியது. 15 கோழிகளை மறைத்தவரிடம் எஞ்சிய 485 கோழிகளையும் எவரும் நம்பி வாங்கார். அப்பண்ணையின் பெயர் கெடுவதோடு, அவ்வூரில் நேர்மையாகத் தொழில் செய்யும் பிறர் மீதும் ஐயம் படரும். செத்தவற்றை எண்ணிக் கணக்கில் எழுதி, ஆழமான குழியிற் சுண்ணாம்பிட்டுப் புதைத்து விடுதலே முறை. செத்த கோழியின் நட்டத்தைக் குறைக்கும் வழி மடுவத்தில் இல்லை. கூடையிற் போதிய இடம் விடுவதிலும், வெயிலுக்கு முன் புறப்படுவதிலுமே உண்டு.

அறுத்தல்

அறுப்பவர் நல்லறிவுடைய முஸ்லிமாகவும், அறுக்கும் முறையை நன்கறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கோழியையும் அறுக்குமுன் இறைவனின் பெயரைக் கூறுதல் வேண்டும். கத்தி மிகக் கூர்மையாக இருத்தல் வேண்டும். மூச்சுக் குழல், உணவுக் குழல், கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியன, கத்தியை எடாது ஒரே வீச்சில் அறுக்கப்படல் வேண்டும். மழுங்கிய கத்தி கோழிக்குத் துன்பத்தையும், இறைச்சிக்குக் கேட்டையும் விளைவிக்கும். ஒரு கோழியின் முன்னிலையிற் கத்தியைத் தீட்டுவதும், பிற கோழிகள் காண அறுப்பதும் விலக்கத்தக்கவை.

அறுத்தபின் இரண்டு மூன்று நிமிடமாயினும் இரத்தம் வடிய விடல் வேண்டும். உயிர் முற்றாகப் பிரியுமுன் இறகு களைவதற்காகச் சுடுநீரில் அமிழ்த்துதல் பெருந்தவறு. அவ்வாறு செய்தால் அக்கோழி நீரில் மூழ்கிச் செத்ததாகும்.

பெரிய மடுவங்களில் அறுக்குமுன் மின்னதிர்ச்சி கொடுத்துக் கோழியை மயக்கும் வழக்கம் உண்டு. மயங்கிய கோழி, அறுக்காது விட்டால் மீண்டும் தெளியத்தக்க அளவில் மட்டும் அதிர்ச்சி இருப்பின் அதனை ஏற்கும் மார்க்க அறிஞரும் உளர். மயக்குவதை முற்றாக மறுப்போரும் உளர். நியூசிலாந்திலிருந்து முஸ்லிம் நாடுகளுக்குச் செல்லும் செம்மறியாட்டு இறைச்சி, மீளத்தக்க மயக்கத்தின் பின் அறுக்கப்படுவதாகும். அதிர்ச்சியினாலேயே கோழி செத்துவிட்டால் அது ஹராம் என்பதில் இரு சாராரும் உடன்படுவர். வாங்குபவர் எதனை ஏற்பார் என்பதை முன்னரே கேட்டறிந்து கொள்ளுதல் வேண்டும்.

அறுத்தபின்

சுத்தஞ் செய்த இறைச்சியை விரைவிற் குளிரச் செய்து, 4 பாகை செல்சியசுக்கு மேற்படாது வைத்திருத்தல் வேண்டும். ஹலால் இறைச்சியைப் பன்றியிறைச்சியுடன் ஒரே பெட்டியிலோ, ஒரே பலகையிலோ, ஒரே கத்தியினாலோ கையாளலாகாது. பதனிட்ட இறைச்சி செய்வோர், சேர்க்கும் பொருட்களையும் ஆராய்தல் வேண்டும். ஜெலற்றின் பன்றித் தோலிலிருந்தும் செய்யப்படுகின்றது. பாலும் எண்ணெயும் பிரியாது கலக்க உதவும் பொருட்கள் சில விலங்குக் கொழுப்பிலிருந்தும், சில தாவர எண்ணெயிலிருந்தும் பெறப்படுகின்றன. பெயர் ஒன்றாயினும் மூலம் வேறாகலாம். ஆகவே, மூலத்தை விற்பவரிடம் எழுத்திற் கேட்டுப் பெறுதல் அவசியம்.

நியமங்களும் அத்தாட்சியும்

உணவுக்குச் சர்வதேச நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு, ‘ஹலால்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவது பற்றிய வழிகாட்டியை 1997 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஒரே கட்டடத்தின் தனித்தனிப் பகுதிகளில் ஹலால் உணவும் ஏனைய உணவும் செய்யப்படலாம் என்றும், அவை ஒன்றோடொன்று சேராதிருக்க வேண்டுவன செய்யப்படல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஹலால் உணவு ஏனைய உணவிலும் சத்து மிக்கது என விளம்பரஞ் செய்தலாகாது என்பதும் அவ்வழிகாட்டியிலுள்ள விதியாகும். மலேசியா 2000 ஆம் ஆண்டில் ஹலால் உணவுக்குத் தனி நியமம் வகுத்தது. இந்தோனேசியா 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஹலால் அத்தாட்சியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகின்றது.

இலங்கையில் இவ்வத்தாட்சியை முன்னர் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கி வந்தது. 2013 ஆம் ஆண்டில் ஹலால் இலச்சினை குறித்து நாட்டிற் பெருஞ் சர்ச்சை எழுந்தது. அதன்பின் அச்சபை இப்பணியிலிருந்து விலகியது. 2014 ஆம் ஆண்டிலிருந்து ஹலால் அக்ரடிட்டேஷன் கவுன்சில் என்னும் தனி நிறுவனம் அதனைச் செய்து வருகின்றது. அத்தாட்சி பெறுதல் உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால், பெறாத அத்தாட்சியைப் பெற்றதாகச் சுட்டுத்துண்டிற் காட்டுதல் வாங்குபவரை ஏமாற்றுவதாகும். உணவைப் பற்றிப் பொய்யாகவோ மயக்கந் தரும் முறையிலோ சுட்டுத்துண்டு இடுவதை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தடைசெய்கின்றது.

வெளிநாட்டு வியாபாரம்

உலகில் மிகுதியாகக் கோழியிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஆயினும் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம் முதலிய நாடுகளுக்குப் பெருந்தொகையான ஹலால் கோழியிறைச்சியை அனுப்புகின்றது. அறுப்பதற்கு முஸ்லிம் தொழிலாளரை அமர்த்தி, வாங்கும் நாட்டின் விதிகளை அறிந்து, ஒவ்வொரு படியையும் எழுத்திற் பதிந்து வைப்பதே இதற்கு வழியாயிற்று. பிறர் உண்ணும் முறையை மதித்து நடந்தால், அம்முறையைத் தாம் பின்பற்றாதவரும் இவ்வியாபாரத்தில் நிலைக்கலாம் என்பதை இது காட்டுகின்றது.

கோழி வளர்ப்போர் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தீன் சுட்டுத்துண்டுகளையும் மருந்துக் கணக்கையும் பேணி வைக்க.
2. தீனை 8 முதல் 12 மணித்தியாலம் முன் நிறுத்துக, தண்ணீரை நிறுத்தற்க.
3. இரவிற் பிடித்து விடியற்காலையில் ஏற்றுக, கூடைகளை நெருக்கற்க.
4. வழியிற் செத்தவற்றை எண்ணி எழுதிப் புதைக்க; ஒருபோதும் விற்கற்க.
5. மின்னதிர்ச்சி பற்றி வாங்குபவரின் கருத்தை முன்னரே அறிக.
6. அத்தாட்சியின்றி ஹலால் இலச்சினையைப் பொறிக்கற்க.

கோழி நோய்கள், மருந்து விலக்கும் நாட்கள் ஆகியன பற்றிப் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அதிகாரியிடமும், இறைச்சியின் சுகாதாரம் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஆலோசனை பெறலாம். உண்பவர் பண்ணையைக் காண்பதில்லை. வளர்த்தவர் எழுதி வைத்த கணக்கும், சொன்ன சொல்லுமே அவருக்குச் சாட்சியாகும்.