தொக்கு நிற்கும் தீமை: மலையகத் தோட்டங்களில் வழங்கிய ஆங்கிலத் தொகைச்சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

இரு சொற்கள் ஒன்றிணைந்து ஒரு சொல்லாகி இழிவையோ கொடுமையையோ உணர்த்துவது ஆங்கிலத்தில் பரவலான வழக்காகும். குறைந்த கூலிக்கு நெடுநேரம் வேலை வாங்கும் பட்டறையை 'ஸ்வெற்ஷொப்' என்பர். வியர்வை, பட்டறை என்னும் இரு சொற்களால் ஆயது அது. ஆட்களை ஈவிரக்கமின்றி வேலை வாங்குபவன் 'ஸ்லேவ் டிரைவர்', அதாவது அடிமைகளை ஓட்டுபவன் எனப்படுவான். இத்தகைய சொற்களில் தீமை கேட்டமாத்திரத்தே புலப்பட்டுவிடும். அவற்றை ஆக்கியவர்கள் அத்தீமையைச் சாடவே ஆக்கினர்.

ஆயின் நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிய ஆங்கிலத் தொகைச்சொற்களை ஆராய்கையில் வேறொரு வகையினை நாம் எதிர்கொள்கிறோம். 'கோஸ்ற் அட்வான்ஸ்', 'ஹெட் மனி', 'லைன் றூம்', 'ஹாஃப் நேம்' முதலியவற்றுள் ஒன்றிலேனும் இழிவைச் சுட்டும் உறுப்பு இல்லை. அனைத்தும் கணக்கேட்டிலிருந்து எடுத்த வெற்றுச் சொற்களாகவே தோன்றும். எனினும் ஒரு மக்கட் கூட்டத்தின் கடனும், நெருக்கடியான வாழ்விடமும், கூலிக் குறைப்பும் இச்சொற்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தன. அவை அங்ஙனம் அடங்கிய முறையினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இலக்கண அடிப்படை

வேற்றுமைத்தொகை, உவமத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை எனத் தொகைகளைத் தொல்காப்பியர் ஆறாக வகுத்தார். தொகை என்பதற்கு உருபு முதலியன மறைந்து நிற்றல் என்றும், சொற்கள் ஒருசொல் நீர்மைப்பட்டு இணைதல் என்றும் உரையாசிரியரிடையே இருவேறு விளக்கங்கள் உண்டு. எமது ஆய்வுக்கு இவ்விரண்டும் வேண்டுவனவே.

வேற்றுமைத்தொகையில் மறைவது உருபு. உருபு மறையும்போது யாருக்கு, யாரால், யாரிடமிருந்து என்னும் உறவுகளும் மறைகின்றன. 'தலைவலி' போன்ற சொற்களில் இதனால் இடர் ஏதுமில்லை; கேட்போர் அனைவரும் உறவை ஒரே வகையாகவே விரித்துக்கொள்வர். ஆனால் பொருளாதார உறவொன்று தொகையாகும்போது, யார் கொடுப்பவர், யார் பெறுபவர், யார் இறுப்பவர் என்பனவே மறைந்துவிடுகின்றன. அன்மொழித்தொகையிலோ சொல்லிலுள்ள இரு உறுப்புகளும் சுட்டாத வேறொன்று பொருளாகிறது. மனிதரை இழித்துரைக்கும் தொகைச்சொற்களுட் பல இவ்வகையின என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. கடனும் கங்காணியும்

1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தொடங்கிய தொழிலாளர் வருகை, 1869இல் கோப்பியிலைகளிற் கண்ட நோயால் அப்பயிர் அழிந்து தேயிலை பரவிய பின்னர் நிலையான குடியேற்றமாயிற்று. தமிழகத்தின் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். அவர்களுக்குத் தோட்டத் துரைமார் முன்கூட்டியே கொடுத்த பணமே 'கோஸ்ற் அட்வான்ஸ்' எனப்பட்டது. 'கோஸ்ற்' என்பது கரை. துரைமாரின் வழக்கில் அது தென்னிந்தியக் கரையைக் குறித்தது. 'கரையிற் கொடுக்கும் முற்பணம்' என இத்தொகையை ஏழாம் வேற்றுமையால் விரிப்பதே இயல்பு. அவ்வாறு விரித்தால் அது ஓர் உதவியாகவே தோன்றும். பணத்தைப் பெற்றவர் கங்காணி. வழிச்செலவு முதலியவற்றின் பெயரால் அது தொழிலாளியின் தலையில் எழுதப்பட்டது. அவர் அதைத் தம் உழைப்பால் இறுத்தல் வேண்டும். இவ்வுறவுகள் எவையும் சொல்லில் இல்லை. தொழிலாளியின் நிலையிலிருந்து விரித்தால் அது முற்பணமன்று, 'கால் வைக்குமுன்னே பட்ட கடன்' என்றே விரியும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. துரைமார் 'கரை' என்று கூறியதைத் தொழிலாளர் 'ஊர்' என்றே கூறினர். திருச்சியும் சேலமும் புதுக்கோட்டையும் கடற்கரைப் பகுதிகள் அல்ல. ஆட்கள் கப்பலேறும் இடம் எதுவோ அதுவே துரைக்கு முக்கியமாயிற்று. அவர்கள் விட்டுவந்த இடம் சொல்லளவிலும் இடம்பெறவில்லை.

'ஹெட் மனி' என்பது தமிழில் 'தலைக்காசு' என வழங்கியது. 'தலைக்கு இவ்வளவு' எனக் கணக்கிடுவது தமிழிலும் உள்ளதாகையால் மொழிபெயர்ப்பு எளிதாயிற்று. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தொழிலாளியையும் எண்ணித் தலைமைக் கங்காணிக்குக் கொடுக்கப்பட்ட காசு இது. தலை ஒருவருடையது, காசு மற்றொருவருடையது. இவ்விருவரையும் வேறுபடுத்தும் உருபே தொகையில் மறைந்தது. நோயுற்றவரையும் வேலைக்கு விரட்டுவதிற் கங்காணிக்கு ஆதாயம் இருந்தமைக்கு இக்காசே காரணம்.

'துண்டு' என்னும் தமிழ்ச்சொல்லோ எதிர்த்திசையிற் சென்று, ஆங்கிலத்தில் 'துண்டு சிஸ்ரம்' எனத் தொகையாயிற்று. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் இவர்கீழ் உள்ள தொழிலாளரையும் விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. வேறு தோட்டம் அக்கடனைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொண்டது. கடன் கைமாறுந்தோறும் பெருகியது. அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்த சூழலில், துண்டின்றி இடம்பெயர்தல் தொழிலாளருக்கு அரிதாயிற்று. 1921இல் துண்டு வழங்குதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. காகிதத் துண்டைக் குறிக்கும் எளிய சொல்லொன்று மனிதரைக் கைமாற்றும் முறைக்குப் பெயராகிய வரலாறு இதுவாகும்.

4. அரைப்பேரும் லயமும்

நாளாந்தக் கூலிக் கணக்கை எழுதும் 'செக்றோல்' புத்தகத்தோடு தொடர்புடையது 'ஹாஃப் நேம்', தமிழில் 'அரைப்பேர்'. ஒரு நாள் வேலை பதியப்படுவதைத் தோட்டங்களிற் 'பேர் போடுதல்' என்பர். விதித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவருக்கு அரைப்பேர் போடப்படும். அதாவது அரைநாட் கூலியே கிடைக்கும். காலைமுதல் மாலைவரை மலையில் நின்றிருந்தாலும் ஏட்டில் அவர் பாதி நாளே நின்றவராவார்.

தமிழில் 'பேர்' என்பதற்குப் பெயர் என்னும் பொருளோடு ஆட்களை எண்ணும் அலகு என்னும் பொருளும் உண்டு. 'பத்துப் பேர் வந்தனர்' என்கிறோம். ஆங்கிலச் சொல் இவற்றுள் முதற்பொருளை மட்டுமே காட்டுகிறது. தமிழ் வழக்கிலோ இரண்டும் ஒலிக்கின்றன. ஆகவே 'அரைப்பேர்' என்னுமிடத்து அரைவாசிப் பதிவு மட்டுமன்றி அரைவாசி ஆள் என்பதும் கேட்கிறது. ஏட்டுச் சொல் மறைத்ததை வாய்வழக்கு வெளிப்படுத்தியமைக்கு இதனைச் சிறந்த சான்றாகக் கொள்ளலாம். நாட்சம்பளம் பலமுறை உயர்த்தப்பட்டு 2021இல் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின்னரும், எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பதே தோட்டங்களில் எழுந்த வினாவாயிற்று. கூலியின் தொகையை மட்டும் நோக்குவோருக்கு இச்சொல்லின் வலிமை புலப்படாது.

'லைன் றூம்' என்பதும் இத்தகையதே. 'லைன்' வரிசையையே குறிக்கும். ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறைகள் இவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஓர் அறையே ஒரு குடும்பத்தின் சமையலுக்கும் படுக்கைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இடமாயிற்று. இக்கட்டடத்துக்கு வீடு என்னும் பெயர் வழங்கப்படாமை நோக்கத்தக்கது. துரை வாழ்ந்தது பங்களா. தொழிலாளர் வாழ்ந்தது வரிசை. 'லைன்' தமிழில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் திரிந்தபோது, குதிரைகளைக் கட்டும் 'லாயம்' என்ற சொல்லோடு ஒலியால் நெருங்கியது. சொற்பிறப்பு முறையில் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இந்த ஒலி ஒப்புமை பேசுவோரின் அனுபவத்தோடு முரண்படவில்லை என்பதைக் கூறவேண்டும்.

5. மனிதரைச் சுட்டும் தொகைகள்

துரைமாரின் பயன்பாட்டுக்கென வெளிவந்த மொழிக் கைந்நூல்களுள் ஒன்றின் தலைப்பே 'கூலித் தமிழ்' என்பதாகும். 'கூலி' உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல். ஆங்கிலத்தில் அது ஊதியம் பெறுபவரையே குறிக்கும் இழிசொல்லாயிற்று. பின் அவர் பேசும் மொழிக்கும் அடையாயிற்று. கங்காணிக்கும் தொழிலாளிக்கும் இட்ட கட்டளைகளாலாய தமிழையே துரைமார் கற்றனர். அதற்குக் 'கூலித் தமிழ்' எனப் பெயரிட்டுக் குறையைப் பேசுவோர்மேல் ஏற்றினர்.

தொழிலாளர் தரப்பிலும் இழிவுத் தொகைகள் தோன்றின. கோ. நடேசய்யர் 1931இல் தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் முதலாகத் தொழிற்சங்கங்கள் வேரூன்றியபோது, வேலைநிறுத்தத்தை முறிப்பவனைக் குறிக்கும் 'கருங்காலி' என்னும் சொல்லும் தோட்டங்களிற் பயின்றது. ஆங்கிலத்தில் 'பிளக்லெக்' முதலிற் குதிரைப் பந்தய மோசடிக்காரனைக் குறித்து, 19ஆம் நூற்றாண்டில் வேலைநிறுத்தத் துரோகியைக் குறிக்கலாயிற்று. கருங்காலி ஏற்கெனவே தமிழில் ஒரு மரத்தின் பெயர். உறுப்புக்கு உறுப்பு ஒத்திருத்தலால் ஆங்கிலச் சொல்லின் வழியாகவே இப்பொருள் ஏறியிருத்தல் வேண்டும் எனக் கருதலாம். இரு மொழியிலும் இஃது அன்மொழித்தொகை.

'கள்ளத்தோணி' தமிழ்த்தொகையே, ஆனால் சிங்கள வழக்கிற் புகுந்து மலையகத் தமிழரை ஏசும் சொல்லாயிற்று. தோணியின் பெயர் மனிதருக்கு ஆயிற்று. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்குட்பட்டுத் தலைமன்னார் வழியாக அரசாங்கத்தின் கணக்கிலேயே வந்தவர்களின் வழித்தோன்றல்களை இச்சொல் கள்ளராக்கியது. இதனைக் கண்டிக்கும் நாம், 'தோட்டக்காட்டான்' என்னும் தொகையை ஆக்கி வழங்கியவர்கள் தமிழரே என்பதையும் மறைத்தல் ஆகாது. தோட்டம், காடு என்னும் இரண்டில் எதுவும் இழிவுடையதன்று. இரண்டையும் இணைத்து ஒரு மனிதரை அழைத்தபோதே இழிவு பிறந்தது. பிரதேச, வர்க்க, சாதி மேட்டிமைகள் ஒருங்கே தொக்கு நிற்கும் சொல் இது.

இறுதியாக 'ஸ்ரேற்லெஸ்', 'நாடற்றவர்' என்னும் சொற்களை நோக்கலாம். 'லெஸ்' இன்று விகுதியாயினும் பழைய ஆங்கிலத்திற் தனிச்சொல்லாயிருந்ததே. அஃது இன்மையை மட்டும் சுட்டும். தமிழில் 'அற்ற' என்பது 'அறு' என்னும் வினையின் பெயரெச்சம். அறுதல் என்பதனுள் முன்பு இருந்த தொடர்பு உண்டு. அது துண்டிக்கப்பட்டமையும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் செய்ததும் இதுவே. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பகிர்ந்து, 150,000 பேரைப் பின்னர்த் தீர்ப்பதற்கென ஒதுக்கியது. அவ்வெஞ்சியோர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைக்காசில் தொடங்கிய எண்ணுமுறை அரசுகளின் ஒப்பந்தத்திலும் தொடர்ந்தது எனலாம். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை சட்டமுறையில் முடிவுக்கு வந்தது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். வசைச்சொல் தன் தீமையைத் தானே அறிவிப்பதால் அதனை எதிர்த்தல் இயலும். கணக்கேட்டுத் தொகைச்சொல் உருபோடு பொறுப்பையும் மறைப்பதால் அதனை எதிர்க்குமுன் விரித்தல் வேண்டும். இரண்டாவதாக, தொழிலாளர் இச்சொற்களை ஏற்றுக்கொண்டபோது தமது அனுபவத்தையும் அவற்றில் ஏற்றினர். 'அரைப்பேர்' ஒரு கணக்குக் குறியீடு மட்டுமாக ஒருபோதும் அவர்களிடையே வழங்கவில்லை.

சொல்லை ஆக்குதலும் இம்மக்களாற் கூடுவதே. பிறர் இட்ட பெயர்களை விலக்கி 'மலையகத் தமிழர்' என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டதும், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து இருநூற்றாண்டு வருகையை நினைவுகூர்ந்ததும் இதற்குச் சான்று. அத்தொகையை 'மலையகத்தைத் தம் இடமாகக் கொண்ட தமிழர்' என விரிக்கலாம்; 'கோஸ்ற் அட்வான்ஸ்' கரையென்று மறைத்த இடத்துக்குப் பதிலாக, தாம் வாழும் இடத்தை அவர்கள் தாமே பெயரில் வைத்தனர்.

தோட்டச் சொற்களின் அகராதியொன்று தொகுக்கப்படுமாயின், 'லயம்: தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு' என ஒரு வரியோடு அது அமைந்துவிடுதல் கூடாது. யார் கட்டியது, யாருக்கு, எந்த அளவில், எவர் அதற்கு உரியவர் என்னும் வினாக்களுக்கும் அப்பதிவு விடை கூறல் வேண்டும். செக்றோல் ஏடுகளையும் பழைய தொழிலாளரின் வாய்மொழியையும் அருகருகே வைத்து இப்பணியைச் செய்வதற்குத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவரே மிகத் தகுதியுடையோர்.