நேரமில்லை என்பவர்க்கு

நம் விடுதியில் மிகுதியாகப் புழங்கும் தமிழ்ச் சொல் “நேரமில்லை” என்பதே எனலாம். வகுப்பு, ஆய்வுக்கூடம், உதவித்தொகை விண்ணப்பம், வேலைத் தேர்வுக்குப் பயிற்சி, பொங்கல் நாடகத்துக்கு ஒத்திகை! இடைவெளியே இல்லாத நாள்தான் பயனுள்ள நாள் என்று எண்ணுகிறோம். அறிவியல் மாணவன் என்ற முறையில் இவ்வெண்ணத்தைக் கணக்கிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். தொலைபேசி அழைப்புகளை நிகழ்தகவைக் கொண்டு ஆராய்ந்து 1909-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘வரிசைக் கோட்பாடு’ என்னும் துறைக்கு அதுவே வித்தாயிற்று.

அத்துறை தரும் எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். ஒருவரிடம் வேலைகள் முன்னறிவிப்பின்றி வருகின்றன. ஒரு வேலைக்குச் சராசரியாக 1 மணி நேரம் பிடிக்கும்; சில விரைவில் முடியும், சில இழுத்துவிடும். அவருடைய நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், வந்த வேலை காத்திருந்து முடியச் சராசரியாக 2 மணி ஆகும். 80 விழுக்காடு நிரம்பினால் 5 மணி. 90 ஆனால் 10 மணி. 95 ஆனால் 20 மணி! கடைசி 5 விழுக்காட்டை நிரப்பியதற்குக் கொடுத்த விலை, இரட்டிப்புத் தாமதம். முழுவதும் நிரப்பிவிட்டாலோ வரிசைக்கு முடிவே இல்லை.

காரணம் யாது? வேலைகள் சீராக வருவதில்லை. இன்று வீணான ஓய்வை நாளைய நெருக்கடிக்கு எடுத்து வைக்கவும் இயலாது. கரை தளும்ப நிறைந்த ஏரிக்குச் சிறு மழையும் ஆபத்து அன்றோ?

இத்தாமதம் எல்லார் மீதும் ஒன்றாய் விழுவதில்லை என்பதே வருந்தத்தக்கது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் உண்டு. அம்மாவின் தொலைபேசி அழைப்புக்கு இல்லை. ஆகவே அம்மா வரிசையின் கடைசியில் நிற்கிறார். அடுத்த அறை நண்பனின் காய்ச்சலும் நம் அட்டவணையைக் கேட்டு வருவதில்லை. வீட்டை விட்டு இத்தனை தொலைவு வந்திருக்கும் நாம், அவன் அருகில் அமராவிடில் வேறு யார் அமர்வார்?

அறிவு வளர்ச்சிக்கும் வெற்றுப் பொழுது பகையன்று. 1921-ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் சர் சி. வி. இராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் பிரதிபலிப்பே அது என்ற விளக்கம் அவருக்கு நிறைவு தரவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்டினார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வு 1928-இல் ‘இராமன் விளை’வில் முடிந்தது. கடலை நின்று பார்க்க அவருக்குப் பொழுது இருந்தது.

நான் கைக்கொள்ளும் முறை எளியது. விழித்திருக்கும் 16 மணியில் 3 மணியை எதற்கும் ஒதுக்குவதில்லை. புதிய பொறுப்பு ஒன்றை ஏற்குமுன் பழையது ஒன்றை இறக்கி வைக்கிறேன். நாடகத்துக்கு ஆள் தேடும் அன்பர்கள் சினங்கொள்ளாதிருப்பாராக!

நண்பர்களே, சோம்பலுக்கு நான் வாதாடவில்லை. யாரேனும் கதவைத் தட்டி, “நேரம் இருக்கிறதா?” என்று கேட்டால், “இருக்கிறது, உட்கார்” என்று சொல்லும் அளவுக்காவது நம் நாளில் இடம் இருக்கட்டும்.