திறந்த இடங்களில் புகைத்தல்: ஊராகக் கூடி முடிவெடுங்கள்

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்பதும் குற்றம். ஆனால் கட்டுக்கரைக் குளக்கட்டு, பொதுக்கிணற்றடி, மரநிழலில் நிற்கும் நிவாரண வரிசை போன்ற திறந்த இடங்களுக்கு நீங்கள்தான் விதி வகுக்க வேண்டும்.

“வெட்டவெளிதானே, புகை காற்றோடு போய்விடும்” என்பார் சிலர். நெருங்கி நிற்கும் வரிசையில் கர்ப்பிணித் தாயும் கைக்குழந்தையும் அதையே சுவாசிக்கிறார்கள். இரவிரவாக வயலுக்குத் தண்ணீர் கட்டி வந்தவர் பீடி பற்றவைக்க இடம் கேட்பதும் நியாயமே. கிடுகுக் கொட்டில்களுக்குத் தீப்பொறி எட்டாத தூரத்தில் அவருக்கு ஓரிடம் ஒதுக்கலாம்.

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். பெண்களின் கருத்தையும் கேளுங்கள். மின்சிகரெட்டுக்கும் அதே விதியை வையுங்கள்.