வாயிற் செய்தியும் அதனை எழுதுவிக்கும் முறையும்

தான் நிற்குமிடம் இன்னதென்று அறியாதவனுக்கு அவன் கைத்திறனே கேடாய் முடிவதுண்டு. போடிநாயக்கனூரினின்று போடிமெட்டுக்கு ஏறும் மலைவழியில் மூடுபனி கவிந்த வேளையில், தான் தமிழ்நாட்டில் நிற்கின்றானா கேரளத்தில் நிற்கின்றானா என்பதை வழிப்போக்கனுக்கு உணர்த்துவது எல்லையில் நாட்டிய பலகையே. அஃது அழகிற்காக நாட்டியதன்று. கணினிகளுக்கும் இத்தகைய பலகை ஒன்றுண்டு. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தால் நடைபெறும் சர்வர்களுள் ஒருவர் புகும்பொழுது திரையில் தோன்றும் வாயிற் செய்தியே அது. பொறிகள் பலவாயின், அச்செய்தியை ஒவ்வொன்றிலும் கையால் எழுதாமல், அவ்வக் குழுவிற்கேற்பத் தானே அமையுமாறு செய்யும் முறையை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

இம்மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய், போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏல மையங்களில் கணினி வழியாக விலை பேசப்படுகின்றது. இத்தகைய வணிகத்தின் கணக்கைக் காக்க நான்கு சர்வர்கள் உள்ளனவென்று ஓர் உதாரணம் கற்பித்துக் கொள்வோம். அவற்றுள் இரண்டு மெய்க்கணக்கிற்கு, இரண்டு ஒத்திகைக்கு. பணியாளர் இவற்றின் அருகே சென்று அமர்வதில்லை. தொலைவிலிருந்து எழுத்துத்திரை வழியாகவே புகுகின்றார். அத்திரையில் நான்கும் ஒரே முகத்தனவாய்த் தோன்றும். ஒத்திகைக் கணக்கை அழிக்க எண்ணியவர் மெய்க்கணக்கை அழித்துவிடின், விளைவித்தவன் உழைப்பும் வாங்கியவன் பொருளும் என்னாவது?

இது வீண் அச்சமன்று. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், கிட்லேப் என்னும் நிறுவனத்தில், துணைப்பொறியின் தரவை நீக்க எண்ணிய பணியாளர் ஒருவர் அக்கட்டளையைத் தலைமைப்பொறியில் இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. ஏறக்குறைய 6 மணி நேரத்துப் பதிவுகள் மீளவேயில்லை. பின்னர் அந்நிறுவனம் வகுத்த திருத்தங்களுள், பொறியின் பெயரும் வகையும் கட்டளைவரியின் தொடக்கத்தில் தெளிவாய்த் தோன்றச் செய்தலும் ஒன்று. வாயிற் செய்தி ஒருமுறை தோன்றித் திரையில் மேலே சென்று மறைவதாதலின், குழுவின் பெயர் கட்டளைவரியிலும் நிலைத்து நிற்றல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. வாயிற் செய்தி இருவகைப்படும்: கடவுச்சொல் கொடுக்குமுன் தோன்றுவது ஒன்று, புகுந்தபின் தோன்றுவது மற்றொன்று. முன்னதைப் படிப்பவர் யாவரென்று நாம் அறியோம். பின்னதைப் படிப்பவர் நம்மவர். ஆதலின் முன்னது குறைவாகவும் பின்னது நிறைவாகவும் பேசல் வேண்டும். பொறியோடு நேரே இணைந்த திரையில் முதலில் வருவது, 'எட்ஸி' என்னும் அடைவிலுள்ள 'இஷ்யூ' என்னும் கோப்பின் வாசகம். பல லினக்ஸ் வகைகளில் அது தன் பெயரையும் பதிப்பையும் அயலார்க்கும் அறிவித்து நிற்கும். அதனை மாற்றுதல் நலம். எஸ்.எஸ்.ஹெச். வழியாய்த் தொலைவிலிருந்து வருவோர்க்கோ, அதன் அமைப்புக்கோப்பில் 'பேனர்' என்னும் வரியை இட்டாலன்றி முற்செய்தி தோன்றுவதில்லை. உரியவர் இசைவின்றிக் கணினியுட் புகுவோரை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு பொறுப்பிற்கு உள்ளாக்குகின்றது. ஆகவே, இசைவு பெற்றோரே புகலாம் என்பதும் நடப்பவை பதிவாகும் என்பதும் அங்குக் கூறினாற் போதும். புகுந்தபின் தோன்றும் 'அன்றைய செய்தி'யிலோ, பொறியின் பெயர், அதன் பணி, பொறுப்பாளர் பிரிவு, செய்யலாகாதவை ஆகிய யாவும் இடம்பெறலாம்.

இனி, எழுதுவிக்கும் முறை. மூட்டைகளுக்கு அடையாளமிடுவோர் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை பூசுவர். தகடு ஒன்றே, இலக்கம் மட்டும் மூட்டைதோறும் வேறு. 2012-ஆம் ஆண்டு மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்சிபிள் என்னும் கருவியின் நெறியும் இதுவே. முதலாவது, பொறிகளின் பெயர்களை 'மெய்க்கணக்கு', 'ஒத்திகை' என்று குழு பிரித்துப் பட்டியலாக எழுதுகின்றோம். இரண்டாவது, வார்ப்புக்கோப்பு ஒன்றில் செய்தியை ஒரே முறை எழுதி, மாறுஞ் சொற்களுக்கு மட்டும் இரட்டை நெளிவடைப்பால் இடம் விடுகின்றோம். மூன்றாவது, எல்லாப் பொறிகளுக்கும் பொதுவானவற்றையும், குழுவிற்குச் சிறப்பானவற்றையும் தனித்தனியே குறிக்கின்றோம். இரண்டும் முரணுமாயின் சிறப்பே வெல்லும். ஆன்சிபிள் எஸ்.எஸ்.ஹெச். வழியாக ஒவ்வொரு பொறியினுள்ளும் சென்று, அதன் பெயர் முதலியவற்றை அதனிடமே கேட்டறிந்து, வெற்றிடங்களை நிரப்பிச் செய்தியை எழுதிவிடுகின்றது. முன்னரே சரியாயிருப்பதை அது மாற்றுவதில்லை. ஆதலின் எத்தனை முறை ஏவினும் தீங்கில்லை. வட்டில் எஞ்சிய இடம் போன்று நாழிகைதோறும் மாறுவனவற்றை மட்டும், புகும்பொழுதே இயங்கும் சிறு நிரலால் காட்டல் தகும். அந்நிரல் மெதுவாக இயங்கின் புகுதலும் தாமதப்படும்.

எச்சரிக்கைகள் சில உள. எஸ்.எஸ்.ஹெச். அமைப்புக்கோப்பிற் பிழை நேர்ந்து அச்சேவை மீண்டும் எழாதாயின், நாமே வெளியில் நிற்க நேரும். ஆதலின் புதிய கோப்பைச் சோதித்த பின்னரே நிறுவுதலும், முதலில் ஒத்திகைப் பொறி ஒன்றில் செய்து பார்த்தலும் இன்றியமையாதன. செய்தியை 'பாஷ்' என்னும் கட்டளைக்கூட்டின் தொடக்கக் கோப்பில் எழுதுவோரும் உளர். கோப்புகளை அனுப்பும் பணியை அது குலைக்கக்கூடும். தமிழில் எழுதலாமோ எனின், யூனிகோடு முறையை அறிந்த முனையத்தில் எழுதலாம்; பொறியோடு இணைந்த லினக்ஸ் எழுத்துத்திரையோ 512 எழுத்துருக்களுக்குமேல் ஏலாததும், நம் உயிர்மெய்களைச் செவ்வனே அமைக்க அறியாததுமாம்.

இறுதியாகக் கருதத்தக்கது ஒன்று. கையால் எழுதிய பலகைகளில் ஒன்று பிழைத்தால் பிழை அதனோடு நிற்கும். பட்டியலிலிருந்து எழுதப்படும் பலகைகளோ, பட்டியல் பொய்த்தால் ஒருங்கே பொய்க்கும். ஒத்திகைப் பொறி ஒன்று மெய்க்கணக்கிற்கு மாறிய பின்னும் பழைய குழுவிலேயே இருக்குமாயின், அதன் வாயிற் செய்தி 'இங்கு அஞ்சாது அழிக்கலாம்' என்று தவறாது, தினந்தோறும், நம்பும்படி உரைத்துக்கொண்டேயிருக்கும். செய்தியே இல்லாத பொறியினும் அது கொடிது. ஆதலின், பொறியின் பணி மாறும் அன்றே பட்டியலும் மாறுதல் வேண்டும். எழுதும் உழைப்பைக் கருவியிடம் ஒப்புவிக்கலாம். எழுதப்படுவது மெய்யாயிருக்கச் செய்யும் கடமை நம்முடையதே.